காற்றுப் புகாத பெட்டி

“கீ... கீ... கீ... கீ...”

அலாரம் போட்ட கூச்சலில் தச்சு மேஸ்திரியின் கையிலிருந்த அளவு டேப் சர்ரென்று சுருண்டு ஓடியது. போகிற போக்கில் அவன் கட்டைவிரலையும் ஒரு கடி கடித்துவிட்டுத் தன் டப்பாவுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

விரலை வாயில் வைத்துக்கொண்டே மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கினான். கீழே செல்லப் பிராணிகள் மருத்துவமனை அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. ஊசி போட வந்த ஒரு பெரிய நாய் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு வர மறுத்தது. ஒரு பூனை திரைச்சீலையின் உச்சிக்கே போய்விட்டது. கிளிக் கூண்டைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பெரியவர் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார்.

“கேஸ் லீக்! எல்லாரும் வெளியே போங்க! யாரும் ஸ்விட்சைத் தொடாதீங்க!” என்று டாக்டரம்மா கத்தினார்.

வாயு கசிந்தால் கத்துகிற அந்த அலாரத்தை அவர்தான் போன மாதம் வாங்கி மாட்டியிருந்தார். பின்னறையில், கத்தரியும் கிண்ணமும் கொதிக்க வைக்க ஒரு சின்ன அடுப்பும் சிலிண்டரும் உண்டு.

மேஸ்திரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாய்ந்து போய் சிலிண்டரை மூடி, கழற்றி, கைக்குழந்தையைத் தூக்குவது போல இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு ஓடினான். மரத்தடியில் அதை உட்கார வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தித் திரும்பி வந்தான். நாலு வார்த்தை பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்தான்.

“கீ... கீ... கீ... கீ...”

“சிலிண்டரே ஊரைத் தாண்டிப் போயிடுச்சு, இது இன்னும் எதுக்குக் கத்துது?” என்றார் கிளிக்காரர். “டாக்டரம்மா, முதல்ல அந்த அலாரத்துக்கு ஒரு ஊசி போடுங்க.”

டாக்டரம்மா மூக்கைச் சுருக்கினார். “ஒரு நாத்தம் வருது பாருங்க. அழுகின முட்டை மாதிரி. இன்வெர்ட்டர் பக்கமா இருக்குமோ? எதுக்கும் பேட்டரியம்மாவை வரச் சொல்லிடறேன். அவங்கதான் நமக்கு பேட்டரி சர்வீஸ் பண்றவங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா மேஸ்திரி?”

“தெரியாதே!” என்றான் மேஸ்திரி.

பதில் கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது. டாக்டரம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

பேட்டரியம்மாவை அவனுக்குத் தெரியாமல் என்ன? தாலி கட்டிய மனைவி. என்ன, ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

சண்டைக்குக் காரணமும் ஒரு பேட்டரிதான். வீட்டுக் கூடத்தில் கறுப்பாக, அசிங்கமாக உட்கார்ந்திருந்த இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒரு பெட்டி செய்து மூடிவிடலாம் என்றான் அவன். “உங்க பெட்டியா? பேட்டரிக்குக் காத்து வேணும், அது பூனையைப் புதைக்கத்தான் லாயக்கு” என்றாள் அவள். அவ்வளவுதான். கதவை மூடினால் காற்றுகூடப் புகாது என்று ஊரே மெச்சுகிற கை அவனுடையது. அதைப் போய் அப்படிச் சொல்லிவிட்டாளே! அன்றைக்கு மூடிய வாய்தான். அதற்கப்புறம் எல்லாமே மகள் வழியாக. “அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ரெடின்னு.” “அம்மாகிட்ட சொல்லு, பசியில்லைன்னு.” நடுவில் அந்தப் பெண் பாவம், படிப்பதா தூது போவதா என்று முழித்தாள்.

சண்டை போட்ட அந்த வாரத்தில்தான் டாக்டரம்மா போன் செய்தார். வரவேற்பறைக்கு அலமாரியும் பெஞ்சும் வேண்டுமாம். தன் கைவேலையின் புகழ் தானாகவே பரவிவிட்டது என்று மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரி செய்தான், பெஞ்சு செய்தான். அப்போது மூலையில் மொட்டையாக நின்ற பேட்டரி கண்ணில் பட்டது. விடுவானா? “இதுக்கும் ஒரு பெட்டி செஞ்சுடறேன் டாக்டரம்மா, பாருங்க எப்படி இருக்குன்னு” என்று தானாகவே கேட்டு வாங்கிச் செய்தான். செய்யும்போது மனசுக்குள் மனைவியோடு ஏட்டிக்குப் போட்டி பேசிக்கொண்டே செய்தான். டாக்டரம்மா அந்தப் பெட்டியைப் பார்த்து அசந்தே போனார்.

இப்போது மாடி முழுக்க, வெளியூர் போகிறவர்களின் நாய் பூனைகள் தங்குவதற்கு மரத்தால் அறைகள் கட்டப் போகிறார். ஆறு மாத வேலை. இன்னொரு தச்சரும் வந்து அளவு பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். யாருக்கு என்று இன்றைக்குச் சொல்வதாக இருந்தார் டாக்டரம்மா.

இந்த நேரம் பார்த்தா இந்த அலாரம் கத்த வேண்டும்? அதிலும் கூப்பிட்டது யாரை!

ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியபடி பேட்டரியம்மா இறங்கினாள். வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

“வாங்க மேடம்” என்றான்.

மேடமா? அவள் புருவம் ஒரு முறை ஏறி இறங்கியது. “வணக்கம் மேஸ்திரி” என்றாள் அவளும்.

அதற்குள் அவன் அடுத்த வீரச் செயலுக்குத் தயாராகிவிட்டான். வாசல் ஓரமாக மாட்டியிருந்த மெயின் ஸ்விட்சை நோக்கிக் கை போனது.

“என்னங்க, தொடாதீங்க!”

சுடு பாத்திரத்தைத் தொட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான்.

“மெயினை அணைச்சா இன்வெர்ட்டர் டக்குனு பேட்டரிக்கு மாறும். அந்த டக்குல ஒரு பொறி போதும். பேட்டரி கூரையைப் பார்த்துட்டுத்தான் கீழே வரும்” என்றாள். “முதல்ல ஜன்னலெல்லாம் திறங்க. பேட்டரி அந்த மூலையில காணோமே, எங்கே?”

டாக்டரம்மா மூலையிலிருந்த பெட்டியைக் காட்டினார்.

பேட்டரியம்மா பெட்டியைப் பார்த்தாள். பல் பல்லாகக் கோத்த மூலைகள், கண்ணாடி மாதிரி இழைத்த கதவுகள். யார் செய்தது என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கதவுகளை மெல்லத் திறந்தாள். உள்ளே அடைந்து கிடந்த வெக்கையும் நாற்றமும் குப்பென்று வெளியே வந்தன. எல்லோரையும் முற்றத்துக்கு விரட்டிவிட்டுத் தானும் வந்து நின்றாள். “காத்து வேலை செய்யட்டும்” என்றாள்.

காற்று வேலை செய்தது. நாற்றம் குறைந்தது. ஆனால் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

“கீ... கீ... கீ...”

“இன்னும் கத்துதே!” என்று டாக்டரம்மா கலங்கினார்.

“மன்னிக்கணும்” என்றார் கிளிக்காரர், கூண்டைத் துணியால் மூடியபடி. “அலாரம் அப்பவே நின்னுடுச்சு. இது என் ஆளு. புதுசா எதைக் கேட்டாலும் உடனே மனப்பாடம் பண்ணிடுவான்.”

எல்லோரும் சிரித்தார்கள், மேஸ்திரியைத் தவிர. பேட்டரியம்மா உள்ளே போய் சார்ஜ் போவதை நிறுத்தினாள். தடுப்பூசி வைத்திருந்த ஃபிரிட்ஜை நேராகச் சுவர் மின்சாரத்துக்கு மாற்றினாள். பிறகு பெட்டியின் முன்னால் மண்டியிட்டாள். பேட்டரியின் பக்கங்கள் லேசாக உப்பியிருந்தன. மேலே முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அதற்கு நேர் மேலே ஒரு தட்டில் இன்வெர்ட்டர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

“இந்தப் பெட்டியை யாரு செஞ்சது?”

“நான்தான் மேடம்.”

“ரொம்ப நல்ல வேலை.”

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளாக அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.

“அதுதான் வம்பே” என்று தொடர்ந்தாள். “சுமாரான ஆளு செஞ்சிருந்தா இடுக்குல காத்துப் போயிருக்கும். கதவு ஓரத்துல ரப்பர் வேற ஒட்டியிருக்கீங்களே, அது எதுக்கு?”

“நாய் முடி, பூனை முடி உள்ளே போகக் கூடாதுன்னு...”

“முடி போகலை. சூடும் வாயுவும் வெளியே வரலை. அடைச்சது நிரம்பிக் கசிஞ்சதுக்குத்தான் அலாரம் கத்துச்சு. சார்ஜ் ஆகும்போது பேட்டரி மூச்சு விடும் மேஸ்திரி. அதை யாரும் உங்களுக்குச் சொல்லலையா?”

“சொன்னாங்க. சொன்ன விதம் சரியில்லை.”

“எப்படிச் சொன்னாங்க?”

“பூனையைப் புதைக்கத்தான் லாயக்குன்னு சொன்னாங்க. ஒரு தொழில்காரன்கிட்ட பேசற பேச்சா மேடம் அது?”

“கோவத்துல வந்திருக்கும். சொன்னவங்களுக்கு அன்னைக்குப் பல்லு வலியா இருந்திருக்கும்.”

“பல்லு வலியா?” அவன் குரல் இறங்கிவிட்டது. “எங்கிட்ட... அதாவது, அவங்க வீட்டுல யார்கிட்டயுமே சொல்லலையே!”

“சொல்ல எங்கே விட்டாங்க? சொல்றதுக்குள்ள மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வாசல்ல போய் உட்கார்ந்துட்டாங்களே.”

“இப்ப எப்படி இருக்கு?”

“பிடுங்கியாச்சு.”

“தனியாவா போனே... போனீங்க?”

“பின்னே? ஊர்வலமா போவாங்க?”

கிளிக்காரரின் தலை பந்தாட்டம் பார்ப்பது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. “ஏம்மா, இவங்க ரெண்டு பேரும்...” என்று ஆரம்பித்தவரை டாக்டரம்மா “உஷ்!” என்று அடக்கினார்.

பேட்டரியம்மா வேலையில் இறங்கினாள். பேட்டரிக்குள் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஸ்பேனரை எடுக்கும் முன் வளையல்களைக் கழற்றினாள். உலோகம் எதுவும் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் விழுந்தால் ஆபத்து. கழற்றியவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டில் நீட்டினாள். மேஸ்திரியும் வழக்கம்போல வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவன் மறுபடி கூரையைப் பார்த்தான். டாக்டரம்மாவோ சட்டென்று திரைச்சீலையின் உச்சியிலிருந்த பூனையை விசாரிக்கப் போய்விட்டார்.

கையுறையோடு முனைகளைக் கழற்றி, சோடா உப்பு கரைத்த தண்ணீரால் பூத்திருந்ததைத் துடைத்து எடுத்தாள். ஆறிய பிறகு காய்ச்சி வடித்த நீரை அளவாக ஊற்றினாள். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “உயிர் இருக்கு. தப்பிச்சுது” என்றாள்.

டாக்டரம்மா பெட்டியைத் தடவிப் பார்த்தார். “இவ்வளவு அழகான கதவு. இதைப் போய் என்ன பண்றது? கதவைத் திறந்தே வெச்சுக்கிட்டா போதாதா மேஸ்திரி?”

மேஸ்திரியின் மனசு குறுகுறுத்தது. ‘போதும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டி பிழைக்கும். பேரும் பிழைக்கும். மாடி வேலையும் கைக்கு வந்துவிடும். தப்பு யாருடையது என்ற பேச்சே எழாது. அவன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். இந்த விஷயத்தில் அவள்தான் வாயைத் திறக்க வேண்டியவள். அவளோ முனைகளில் வாஸ்லின் களிம்பு தடவுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

“போதாது டாக்டரம்மா” என்றான்.

சொன்ன பிறகு மூச்சு சுலபமாக வந்தது.

“திறந்து வெச்சா யாராவது மூடுவாங்க. உள்ளே பூனை போகுதேன்னு நீங்களே மூடுவீங்க. தப்பு என்னோடது. பேட்டரியம்மா சொன்னது அத்தனையும் எனக்கு முன்னாடியே தெரியும். வீம்புல செஞ்சுட்டேன். மாடி வேலையை நீங்க அந்த இன்னொருத்தர்கிட்டயே கொடுத்தாலும் நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா இந்தப் பெட்டியை இப்படியே விட்டுட்டுப் போக மாட்டேன்.”

பேட்டரியை இறக்கி வைத்துவிட்டு, பெட்டியைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிப் போனான். ரம்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தான் பார்த்துப் பார்த்து இழைத்த கதவை ஒரு நிமிஷம் பார்த்தான். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

“ஓட்டை எங்கெங்கே வரணும்?” என்று திரும்பாமலே கேட்டான். மேடம் என்று சொல்ல மறந்துவிட்டான்.

“கீழே ஒரு வரிசை, காத்து உள்ளே வர. மேலே ஒரு வரிசை, வாயு வெளியே போக. அது லேசானது, மேலேதான் ஏறும்.”

“பின் பலகையையே எடுத்துட்டு, சுவத்துலேர்ந்து தள்ளி வெச்சா?”

“இன்னும் நல்லது. இன்வெர்ட்டர் உள்ளே வேணாம், தனியா சுவத்துல மாட்டிடலாம். பேட்டரிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஆசிட் சிந்தினா தரைக்குப் போகாது.”

“பூனை முடி?”

“அதுக்கு ஓட்டைக்குப் பின்னால வலை அடிங்க. அப்பப்ப தட்டி எடுத்துடலாம்.” ஒரு கணம் நின்றாள். “ஓட்டையைக் கொஞ்சம் அழகாவே போடுங்களேன். உங்களுக்கென்ன, வராதா?”

ரம்பம் இறங்கியது. மரத்தூள் பறந்தது. இலை இலையாக வெட்டினான். அவள் கதவை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பெட்டி மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தபோது முன்பைவிட எடுப்பாகவே இருந்தது. பேட்டரி ஏறி அமர்ந்தது, சார்ஜ் ஓடியது, இலைகளின் வழியே கை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடாகக் காற்று வந்தது. அலாரம் வாயைத் திறக்கவில்லை.

மேஸ்திரி கருவிகளைப் பையில் அடுக்கிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி வாசலுக்கு நடந்தான்.

“மேஸ்திரி, மாடியில அளவு எடுத்து முடிச்சிட்டுப் போங்க” என்றார் டாக்டரம்மா.

அவன் நம்பமுடியாமல் திரும்பினான். “எனக்கேவா? இவ்வளவுக்கு அப்புறமுமா?”

டாக்டரம்மா ஸ்கூட்டர் பக்கம் நழுவப் பார்த்த பேட்டரியம்மாவைக் கைப்பிடித்து நிறுத்தி, அவனைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்லா இருக்கு மேஸ்திரி, இவங்களைத் தெரியாதுன்னு நீங்க சொல்றது! ‘எங்க வீட்டுக்காரர் கை மாதிரி ஒரு கை கிடைக்காது டாக்டரம்மா, ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நாங்க இப்ப சண்டை’ன்னு சொல்லித்தானே உங்க நம்பரையே எனக்குக் கொடுத்தாங்க!”