ஓடையை மறித்த பாதை

மேலச்செம்பட்டியின் ஊராட்சித் தலைவர் பொன்னுராஜ் காலையில் டீக்கடையில் ஒரு டீ குடித்து முடிக்க அரைமணி நேரம் ஆகும். கிளாஸைக் கையில் வாங்கியதும் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். காலனித் தெருவில் லைட் எரியவில்லை என்பார் ஒருவர். குழாயில் தண்ணீர் வந்து நாளாகிறது என்பார் இன்னொருவர். பொன்னுராஜ் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. பார்த்துச் செய்வோம் என்பார். சொன்னதில் பாதியாவது செய்து கொடுப்பார். ஆண்டிபட்டிக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அவரை நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

அந்த டீக்கடைக்குத்தான் ஒருநாள் காற்றாலைக் கம்பெனியின் மேனேஜர் இம்மானுவேல் வந்தார். மலைச்சரிவில் காற்று நன்றாக வீசுகிறது, அங்கே காற்றாலைகள் நிறுத்தப் போகிறோம் என்றார். இறக்கைகள் நீளமான லாரிகளில் வரும். ஓடையைக் கடக்க ஒரு பாதை வேண்டும். இப்போதைக்கு மண் கொட்டி, அடியில் குழாய் பதித்து, மேலே லாரி போகும்படி செய்துகொள்கிறோம், மழைக்காலத்துக்கு முன்னால் பாலமே கட்டித் தருகிறோம் என்று பணிவாகச் சொன்னார். ஊராட்சியின் சம்மதத் தீர்மானம் மட்டும் வேண்டும். அதற்குப் பதிலாகத் தெருவெல்லாம் சோலார் விளக்கு.

பொன்னுராஜுக்குச் சந்தோஷம். நிலக்கரி எரிக்காமல், புகை இல்லாமல் கரண்டு எடுப்பதை அரசாங்கமே வேண்டும் என்கிறது. அதில் தன் ஊரும் சேர்ந்துகொள்வது அவருக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நாளில் இன்னொன்றும் நடந்தது. அவருடைய மருமகன் விஜயபாண்டி வாங்கிவிட்டு ஓட்டம் இல்லாமல் நிறுத்தியிருந்த ஜீப்பைக் கம்பெனி மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டது. யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அதனால் அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று பொன்னுராஜுக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் ஓடையைத் தூர்வாரவும் கண்மாய்க் கரையைப் பலப்படுத்தவும் ஊராட்சிக்கு நிதி வந்திருந்தது. ஓடையைத்தான் கம்பெனி பார்த்துக்கொள்ளப் போகிறதே, அந்த நிதியைச் சமுதாயக் கூடத்துக்குத் திருப்பினால் என்ன என்று அவர் யோசித்தார். கூடத்தின் தரை பெயர்ந்து கிடந்தது. கல்யாணம் வைப்பவர்களெல்லாம் ஆண்டிபட்டிக்கு ஓட வேண்டியிருந்தது. டைல்ஸ் ஒட்டி முகப்பில் வளைவு கட்டினால் ஊரே மெச்சும். தூர்வாரிய ஓடையை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

சுதந்திர தினத்தன்று கூடிய கிராம சபையில் இரண்டு தீர்மானங்களும் வந்தன. செயலர் வாசித்து முடித்ததும் பஞ்சம்மாள் எழுந்து நின்றாள். ஓடைக்குக் கீழே அவளுக்கும் அவள் கணவன் நல்லகண்ணுவுக்கும் மல்லிகைத் தோட்டம் இருந்தது. விடியுமுன் பூ எடுத்து ஆண்டிபட்டி மார்க்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள். பொன்னுராஜுக்குத் தூரத்து உறவு, தங்கை முறை.

"ஏண்ணே, ஓடையில மண்ணக் கொட்டி ரெண்டு குழாயப் போட்டா, மலைத்தண்ணி பூராம் அதுக்குள்ள போயிருமா?" என்று கேட்டாள்.

அது பஞ்சம்மாளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. அந்த ஓடையில் தண்ணீர் எப்படி வரும் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். முள்ளும் மரமுமாக உருட்டிக்கொண்டு வரும். வாலிப வயதில் அந்த வெள்ளத்தில் தன் மாட்டைப் பறிகொடுத்தவர் பொன்னுராஜ். அவருக்குத் தெரியாததா? ஆனால் இம்மானுவேல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பொன்னுராஜ் சிரித்தார். "மழையே வரக் காணோம் தாயி. படிச்ச இஞ்சினியர்க போட்ட பிளானு. ஒனக்குத்தேன் எல்லாந் தெரியுமாக்கும்?"

கூட்டமும் சிரித்தது. பஞ்சம்மாள் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் கை தூக்கினார்கள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த நல்லகண்ணுவும், நமக்கெதற்கு வம்பு என்று தூக்கினான்.

லாரிகள் வந்தன. காற்றாலைகள் நின்றன. தெருவில் சோலார் விளக்குகள் எரிந்தன. சமுதாயக் கூடத்து வளைவில் பொன்னுராஜின் பெயர் பொறித்த கல் பதித்தார்கள். பாலம் மட்டும் வரவில்லை. பொன்னுராஜ் இரண்டொரு தடவை இம்மானுவேலிடம் கேட்டார். இந்த வருட பட்ஜெட் முடிந்துவிட்டது, அடுத்த வருடம் முதல் வேலை அதுதான் என்று தலைமை அலுவலகத்தில் சொல்வதாகப் பதில் வந்தது. அழுத்திக் கேட்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் விஜயபாண்டியின் ஜீப் எதிரே வந்து போனது. அவர் விட்டுவிட்டார்.

அடுத்த வருடம் ஐப்பசியில்தான் மழை பிடித்தது. ஒரு மத்தியான வேளையில் மலையில் கொட்டிய மழை ஓடையில் இறங்கியது. குழாய்களின் வாயை முள்ளும் செத்தையும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் மண்பாதைக்குப் பின்னால் குளம்போல ஏறி நின்றது. கண்மாய்க்குப் போகவேண்டிய தண்ணீர் வழி தெரியாமல் முட்டி, கடைசியில் பாதையின் ஓரத்தை அறுத்துக்கொண்டு பக்கவாட்டில் பாய்ந்தது. அங்கேதான் பஞ்சம்மாளின் தோட்டம் இருந்தது. மோட்டாரைக் கழற்றப் போன நல்லகண்ணு கிணற்றுமேட்டில் சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். நான்கு பேர் சேர்ந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் தப்பியது பெரிய காரியம்.

மறுநாள் பொன்னுராஜ் போய்ப் பார்த்தபோது மல்லிகைச் செடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முழங்கால் உயரத்துக்கு மணல். கிணறு இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அவ்வளவு மழை பெய்தும் கண்மாயில் கால்வாசித் தண்ணீர்கூட இல்லை.

அவர் ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினார். ஓடைக்கென்று கொடுத்த நிதியைத்தான் நீங்களே கூடத்துக்கு மாற்றி விட்டீர்களே, இனி அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார்கள். கம்பெனியில் கேட்டார். இம்மானுவேல் வருத்தப்பட்டார், ஆனாலும், ஊராட்சி சம்மதம் கொடுத்து நீங்கள் கையெழுத்துப் போட்ட பாதைதானே என்றார். இரண்டு இடத்திலும் யாரும் அவரை அவமதிக்கவில்லை. இரண்டு இடத்திலும் சொன்னது உண்மையாக இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

கால் கட்டோடு நல்லகண்ணுவையும் மகளையும் கூட்டிக்கொண்டு பஞ்சம்மாள் திருப்பூருக்குப் புறப்பட்டாள். அங்கே பனியன் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்து பொன்னுராஜ் ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். கம்பெனியிடம் பேசி எப்படியாவது நஷ்டஈடு வாங்கித் தருகிறேன், போகாதே தாயி என்றார்.

பஞ்சம்மாள் கோபப்படவில்லை.

"காத்தாடி மேல எனக்கு வருத்தமில்லண்ணே. மழை மேலயும் இல்ல. நா கேட்டது ஒங்களுக்குத் தெரியாத விசயமா? தெரிஞ்சும் சிரிச்சீக பாருங்க, அதத்தேன் மறக்க முடியல" என்றாள்.

பஸ் வந்தது. மூட்டைகளை ஏற்றிவிட அவர் கை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தானே தூக்கி வைத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜீப்பைக் கம்பெனியிலிருந்து எடுத்துவிடும்படி மருமகனிடம் சொன்னார். விஜயபாண்டி சண்டை போட்டான். மகள் அழுதாள், அப்பாவிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். பொன்னுராஜ் மாறவில்லை. கலெக்டரின் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வாராவாரம் தேனிக்குப் போனார். அவர் அலைந்த அலைச்சலில் ஒருவழியாக மண்பாதையை வெட்டி எடுத்தார்கள். கம்பெனி பாலம் கட்டியது. முன்பே இப்படிக் கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பஞ்சம்மாளுக்குப் போன் செய்தார். பிள்ளையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம், மணல் மூடிய தோட்டத்துக்குத் திரும்பி வந்து என்ன செய்ய என்று சொல்லிவிட்டாள்.

பாலம் கட்டி முடிந்தபின் வந்த குடியரசு தினக் கிராம சபையில் பொன்னுராஜ் எழுந்து நின்றார். வழக்கமான வணக்கமெல்லாம் சொல்லவில்லை.

"காத்தாடி வேணாம்னு நா சொல்லல. புகையில்லாத கரண்டு நல்லதுதேன். ஆனா, நல்லதுன்னு பேரு வச்சுக்கிட்டு தண்ணி போற தடத்த மறிச்சோம். ஓடைக்கு வந்த காச எம்பேரு பொறிச்ச வளைவுக்குப் போட்டேன். எம்மருமகன் ஜீப்பு ஓடுனதால வாயத் தெறக்கல. அதுக்குப் பேரு லஞ்சந்தேன். அதச் சொல்ல எனக்கு இம்புட்டு நாளாச்சு."

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலே பேசினார்.

"இயற்கையக் காப்பாத்துற திட்டம்னு எது வந்தாலும் சரி, நம்ம ஊரு ஓடைய அது என்ன செய்யும்னு மொதல்ல கேளுங்க. எந்திரிச்சுக் கேக்குறவுகளப் பாத்துச் சிரிக்காதீக. அன்னைக்குப் பஞ்சம்மா கேட்டப்ப நம்மள்ல ஒருத்தராச்சும் எந்திரிச்சிருந்தாப் போதும், ஒரு குடும்பம் இன்னும் இந்த ஊர்ல இருந்திருக்கும்."