நடுவழியில் நின்ற பாசஞ்சர்

பிரிஸில்லா காலைப் பலகாரத்துக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி இரைந்ததும், மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த அவள் கணவர் அருமைநாயகத்தின் வலது கை தானாக மேலே போனது. இல்லாத ஒரு பிடியைப் பற்றி இழுத்தது. மிக்ஸி நின்ற பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.

"என்னங்க, யாருக்கு ஹாரன் அடிக்கிறீங்க?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவர் தன் கையை அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தட்டில் இருந்த தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். பிரிஸில்லாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

அருமைநாயகம் ரயில் எஞ்சின் டிரைவர். திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பாசஞ்சர் வண்டி ஓட்டுகிறவர். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். இருப்பது திருவனந்தபுரத்தில், தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள குவார்ட்டர்ஸில். வண்டியை அவர் நிறுத்தினால் நின்றதே தெரியாது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது மட்டும்தான் அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது பிறருக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு காலையில்தான், அவர் கை அப்படித் தானாக ஹாரனைத் தேடக் காரணமான சம்பவம் நடந்தது. பாறசாலைக்கு முந்தைய ஒரு வளைவில் வண்டி திரும்பியபோது தண்டவாளத்தின் நடுவில் ஒரு இளம்பெண் நின்றாள். அவர் ஹாரனை விடாமல் அடித்தார். பிரேக்கை முழுவதும் போட்டார். அத்தனை பெட்டிகளின் பாரத்தை எந்தப் பிரேக்கும் நினைத்த இடத்தில் நிறுத்திவிடாது. அவள் நகரவில்லை. வெயில் கண்ணில் படாமல் நெற்றியில் கையை வைத்து, வருவது யார் என்று பார்ப்பதுபோல, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அவர் முகத்தைப் பார்த்தாள்.

உடலை ஓரமாக எடுத்து வைத்தார்கள். ஜன்னல்களில் தலைகள் நீண்டன. "ஆபீஸுக்கு லேட்டாகுது, வண்டிய எடுங்க சாரே" என்று யாரோ கத்தினார்கள். அருமைநாயகம் எடுத்தார். நாகர்கோவில் வரை ஓட்டினார். சாயங்காலம் அதே வளைவு வழியாகத் திரும்பவும் ஓட்டி வந்தார்.

"டிரைவர்னா இதெல்லாம் உள்ளதுதான்" என்றார்கள் தெரிந்தவர்கள். "உங்க பேரில தப்பு இல்லியே, மறந்திருங்க" என்றாள் பிரிஸில்லா. ஆனால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. குவார்ட்டர்ஸ் பக்கம் ரயில் கூவும்போதெல்லாம் வியர்த்தது. தூக்க மாத்திரை கேட்டு ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கரமனையில் இருக்கும் லலிதாம்பாளிடம் போகச் சொன்னார்.

லலிதாம்பாள் பல காலம் ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகராக இருந்தவர். வேலையை விட்டபிறகு கரமனை அக்ரகாரத் தெருவில் தன் வீட்டு மாடியில் ஆட்களைப் பார்த்துவந்தார். அருமைநாயகம் அங்கே போய், வாசலைத் தாண்டி நடந்து, திரும்பி வந்து, பிறகுதான் மணியை அழுத்தினார்.

"உக்காருங்கோ சார். கண்ணை மூடவேண்டாம். உள்ளங்காலுக்கு இந்தத் தரை எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்கோ."

"தணுப்பா, குளிர்ச்சியா இருக்கு."

"இப்போ உங்க மனசுல வண்டி ஓடறதா?"

"எப்பவும் ஓடிக்கிட்டுத்தாம்மா இருக்கு."

"ஓடட்டும். அதோட சண்டை போடவேண்டாம். வண்டியும் இருக்கு, இந்தத் தரையும் இருக்கு. நடுவில உங்க மூச்சு வந்து போயிண்டிருக்கு. அதை மட்டும் பாருங்கோ."

அவர் பார்த்தார். மூச்சு நெஞ்சில் ஓரிடத்தில் முட்டி முட்டி நின்றது. அந்த இடத்தைக் கவனிக்கக் கவனிக்க அவருக்கு அழுகை வந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் அழுதது அன்றுதான்.

"இது யோகாவா அம்மா? நான் வேதக்காரனாக்கும்."

"உங்க ஜெபத்தை நீங்க விடவேண்டாம். இது வெறும் கவனம்தான். நடந்ததை உங்களுக்கு மறக்கடிக்க என்னால முடியாது. அது ஞாபகத்துல வர்றப்போ அடிச்சுண்டு போகாம நிக்கறதுக்குப் பழகலாம். ஆனா பாதியில விட்டுடாதேங்கோ. இப்போதான் உள்ளே கதவைத் திறந்திருக்கோம்."

அவர் லீவு போட்டுவிட்டு வாராவாரம் போனார். கொஞ்சம் சாப்பிட்டார், கொஞ்சம் தூங்கினார். ஒருநாள் தானாகவே பேசினார். "இத்தன காலம் ஆளுகள ஊர் சேக்குறேன்னு நெனச்சேன் அம்மா. இப்ப எஞ்சின்ல ஏறி இருந்தா எதுக்குப் போறேன்னே தெரியல்ல. அந்தப் பிள்ளைக்க பேரு ரெம்யான்னு விசாரிச்சு அறிஞ்சேன். அவ வீட்டுல போய், நான் ஹாரன் அடிச்சேன், நிறுத்தப் பாத்தேன்னு சொல்லணும்."

"சொல்லணும்தான். நானும் கூட வரேன். முதல்ல நீங்க கொஞ்சம் நிலைக்கு வாங்கோ."

அப்படி அவர் நிலைக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் பிரிஸில்லாவின் தம்பி தங்கப்பன் வந்தான். அருமைநாயகத்தின் மகள் ஷில்பாவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு நல்ல இடம் பார்த்திருந்தவன் அவன்.

"அக்கா, அத்தான் கரமனையில மனசு டாக்டருக்க வீட்டுக்குப் போறாராமே? மாப்பிள்ளைக்க மாமா கண்டிருக்காரு. அப்பனுக்குக் கிறுக்குன்னா பிள்ளைக்கும் வரும்னு சொல்லமாட்டாங்களா? வேலை ஸ்தலத்துல தெரிஞ்சா அதுவும் கொறச்சிலாக்கும்."

அப்பா கரமனைக்குப் போகட்டும் என்று ஷில்பா இடையில் புகுந்து மலையாளத்தில் சொன்னாள். "அப்பா போட்டே அம்மே. எனிக்கு ஈ கல்யாணம் வேண்டா."

"நீ மிண்டாம இரு" என்று பிரிஸில்லா மகளை அடக்கினாள். அவள் கெட்டவள் அல்ல. கணவரை நேசித்தவள்தான். ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவள். அருமைநாயகத்திடம் போய் மெதுவாகச் சொன்னாள்.

"கல்யாணம் கழியட்டும். பொறவு போகலாம். இப்ப உங்களுக்குக் கொள்ளாம், சுகம்தானே? உறங்குறீங்க, சாப்பிடுறீங்க."

"எனக்கு இன்னும் சரியாகல்ல, பிரிஸி."

"ஜெபம் பண்ணுங்க, சரியாகும். பிள்ளைக்க வாழ்க்கையாக்கும்."

அவர் வாழ்நாளில் யாரோடும் வாதாடிப் பழகாத மனிதர். சரி என்றார். கரமனைக்குப் போவதை நிறுத்தினார். லீவையும் ரத்துசெய்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். லலிதாம்பாள் போன் செய்தபோது, அவர் வீட்டில் இல்லை என்று பிரிஸில்லா பொய் சொன்னாள்.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டதை வீட்டில் அமைதி வந்துவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், அதே வளைவில், அவர் திடீரென்று பிரேக்கை முழுவதும் போட்டார். பக்கத்தில் இருந்த உதவி டிரைவர் பத்மகுமார் பதறிப்போனான். அந்தப் பெண் இறந்த அன்றும் எஞ்சினில் அவனே இருந்தான்.

"சாரே, லைன்ல ஆளில்லல்லோ!"

"நிக்குது. கண்ணுக்கு மேல கைய வச்சிட்டு நிக்குது, நீ காணல்லியா?"

வண்டி நின்றதும் அவர் இறங்கினார். ஜல்லியில் மண்டியிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் குனிந்து தேடினார். கைகளால் கற்களை வாரி விலக்கினார். ஜன்னல்களில் எட்டிப்பார்த்த சிலர் முதலில் சிரித்தார்கள். அவர் "ரெம்யா, ரெம்யா" என்று கூப்பிடத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கியது. பத்மகுமார் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். வேறு டிரைவர் வந்து வண்டியை எடுக்கவேண்டியிருந்தது.

அதன்பிறகு அவர் எஞ்சினில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். வீட்டுக்கு வந்தபிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஊட்டினால் சாப்பிட்டார், கூப்பிட்டால் திரும்பவில்லை. நெய்யாற்றின்கரைக்காரர்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வேறிடத்தில் பெண் எடுத்துக்கொண்டார்கள். தங்கப்பன் வருவதை நிறுத்தினான். ஷில்பா அம்மாவோடு பேசுவது சமையலுக்கு என்ன என்பதோடு முடிந்தது.

பிரிஸில்லா கரமனைக்கு ஓடினாள். லலிதாம்பாள் கோபப்படவில்லை, உடனே கிளம்பி வந்தார். அருமைநாயகத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் சாயங்காலம் வரை இருந்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்.

"அன்னிக்கு அவர் தானே வழி கேட்டுண்டு வந்தார். இப்போ எங்கே இருக்கார்னு நான்தான் தேடணும். வரேன், வந்துண்டே இருப்பேன். ஆனா திரும்பக் கொண்டுவந்துடுவேன்னு உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியலை."

அவர் சொன்னபடியே வந்தார். மாதங்கள் போயின. அருமைநாயகம் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

ஒருநாள் பத்மகுமாரின் மனைவி உலகம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். அடுப்படியில் நின்று, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, எங்க வீட்டு ஆளுக்கும் உறக்கமில்ல. எஞ்சின்ல கண்ணாடி வழியா பாக்கவே பேடியா இருக்குன்னு சொல்லுகாரு. குழந்தைய எடுக்கவும் பயப்படுகாரு. அந்தக் கரமனை டாக்டருக்க வீடு எங்கன்னு சொல்லுங்க. மாமியாருக்குத் தெரிஞ்சா கொன்னுபோடுவாங்க. யாரும் அறியக்கூடாது."

பிரிஸில்லா சாத்தியிருந்த கதவைத் திறந்தாள். அடுத்த குவார்ட்டர்ஸில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"இவருக்கு ரத்தம் வந்திருந்தா நான் தோளுல தூக்கிட்டு ஓடிருப்பேன், உலகம்மா. மனசுல பட்ட அடியாக்கும், ரத்தம் வரல்ல. அதனால ஊருக்குப் பயந்து ஒளிச்சு வச்சேன். ஊரு என்ன சொல்லும்னே கேட்டுக்கிட்டு இருந்தேன். இவரு 'இன்னும் சரியாகல்ல'ன்னு சொன்னது எனக்குக் காதுல ஏறல்ல. மனசுக்கு வைத்தியம் பாக்குறது கொறச்சிலு இல்ல, பிள்ளே. பாக்க விடாம தடுக்குறதுதான் பாவம். கரமனை அக்ரகாரத் தெருவுல, மாடியிலதான் பாக்குறாங்க, இப்பவே கூட்டிட்டுப் போ. பாதியில யாரு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாத."

உலகம்மாள் வெளியே நின்றவர்களைப் பார்த்து முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மெல்ல அக்கா... நான் வந்து கேட்டத யாருட்டயும் சொல்லிராதீங்க."

"உன் காரியத்த நான் சொல்லமாட்டேன்" என்றாள் பிரிஸில்லா. "என் காரியத்த எல்லாருட்டயும் சொல்லுவேன். இனி எனக்கு மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."