மாமியின் பீலியில் மஞ்சள் தண்ணீர்

கலஹாவுக்கு மேலே எங்கள் காய்கறித் தோட்டங்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கும் சின்ன அணை ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து மண்கட்டு. அது உடைந்தால் முதலில் போகிற வீடு என் மாமியார் அழகம்மாவுடையது. வீட்டோடு மாப்பிள்ளையான நானும் கூடவே போவேன்.

கட்டின் அடியில் கொஞ்ச காலமாக ஓர் ஊற்று. மாரியம்மன் தனக்கென்றே கொடுத்தது என்பார் மாமி. அதில் குழாயைச் செருகி, நின்று குளிக்கத் தண்ணீர் கொட்டும் பீலியாக்கி, கீழே கங்குன் கீரை போட்டு, கலஹாக் கடைகளுக்கு விற்றுவந்தார்.

"கட்டுல ஏதோ கசியுது மாமி. வெள்ளம் வர்றதுக்கு முந்தி அணை போடணும்னு சொல்லுவாங்க" என்றேன் ஒருநாள்.

"அணதான் போட்டிருக்கே" என்றார். அவரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் தோட்டத்தில் யாருமில்லை.

இந்த வருடத் திருவிழாவில் மஞ்சள் நீராட்டு நடந்தது. கொழுந்தியாமார் என்மேல் ஊற்றியது போக மிஞ்சிய பீப்பாய்களைக் கட்டின் ஓரமாக அணைக்குள் கவிழ்த்தார்கள். நான் பீலியடிக்கு ஓடிச் சவர்க்காரம் போட்டேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கூடியது. நிமிர்ந்து பார்த்தால் பீலியே மஞ்சளாக ஊற்றுகிறது.

"யாரு ஒங்களுக்கு நலங்கு வச்சது?" என்று சிரித்தாள் என் மனைவி நிரோஷா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அணையில் ஊற்றியது இங்கே வருகிறதென்றால் கட்டுக்குள் ஓட்டை. ஓட்டை என்று கத்தினேன். மாமியோ கற்பூரம் கொளுத்திவிட்டார்.

"அம்மா மஞ்ச குளிக்கிறா. இதப் போயி ஓட்டைங்கிறீங்களே மருமகனே."

திருவிழாக் கூட்டம் செம்போடு வந்து நின்றது. மாமிதான் முதலில் பிடித்தார். அதற்குள் நிறம் மாறி, செம்பில் செம்மண் சேறு விழுந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு செம்மண் கட்டை அண்ணாந்து பார்த்தார்.

"அம்மாளுக்கு மஞ்ச வேணும், சரி. கட்டு மண்ணு எதுக்கு?"

செம்பைப் போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக் கட்டின்மேல் ஏறி, துருப்பிடித்த மதகுச் சக்கரத்தில் தொங்கினார். கூட்டமும் கைகொடுத்தது. மதகு திறந்து அணை வடிந்தது. பீலி நின்றது. வாடிய கீரையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கட்டுக்குள் முள்ளம்பன்றி வளை. கை முழங்கை வரை போனது. களிமண்ணும் கல்லும் போட்டு இடித்து அடைத்தோம். ஓட்டையைப் போட்டதே நான்தான் என்பதுபோல மாமி வாடிய கீரையைப் பிடுங்கி என் காலடியில் போட்டார்.

அணை மறுபடி நிறைந்ததும் ஒரு பீப்பாய் மஞ்சளை அவரே கரைத்து அதே இடத்தில் ஊற்றினார்.

"மருமகனே, போயி குளிங்க" என்றார்.

சவர்க்காரம் பூசிக்கொண்டு பீலியடியில் நின்றேன். வெகுநேரம் நின்றேன். ஒரு சொட்டு விழவில்லை. கட்டின்மேலிருந்து மாமி எட்டிப் பார்த்துச் சிரித்தார். குளிக்காமல் இவ்வளவு சந்தோஷமாக நான் வீட்டுக்குப் போனதில்லை.