கடைசி வயலுக்கு முதல் தண்ணீர்

என் பெயரைக் கூப்பிட்டபோது நடுப்பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்குக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. பாங்கு சொல்லிவிட்டால் ஆட்கள் பள்ளிக்கு எழும்பிவிடுவார்கள், சிறுபோக விதைப்புக்குத் தண்ணீர் முறை தீர்மானிக்கும் கூட்டம் அத்தோடு சரி. தண்ணீரை வழக்கம்போல மேல்வயல்களுக்கே முதலில் திறப்பார்கள். வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் என் இரண்டு ஏக்கருக்கு அது வந்து சேர்வதற்குள் பயிர் கருகிவிடும். போன வருடம் கருகியது, அதற்கு முந்திய வருடமும் கருகியது. இந்த முறையும் கருகினால் வயலைக் கைவிட வேண்டியதுதான்.

எனக்கு முன் பேசிய நான்கு பேரும் மேடையில் இருந்த ஒன்பது பேரையும் பட்டம் பதவியோடு விளித்துத்தான் தொடங்கினார்கள். மேல்வயலில் முப்பது ஏக்கர் வைத்திருக்கும் பளீல் ஹாஜியார் விளித்து முடிப்பதற்குள் என் கையில் இருந்த தேநீர் ஆறிவிட்டது. ஒரு பெயர் விட்டுப்போனாலும் எங்கள் பக்கம் பெரிய குற்றம். மகள் ஹிமாயா பேச்சுப்போட்டிக்காரி. அவள் எழுதித் தந்த தாளிலும் முதல் பக்கம் முழுக்க அந்த ஒன்பது பேர்தான். சட்டி கழுவும்போதெல்லாம் மூன்று நாள் பாடமாக்கியிருந்தேன்.

மைக்கைப் பிடித்ததும் அந்தப் பக்கத்தை மடித்துவிட்டேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஸலாம். முன்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. கிளம்பட்டுமே, பெண்பிள்ளை எழும்பினாலே முணுமுணுக்கிறவர்கள்தானே. இரண்டாம் பக்கத்தில் என் கஷ்டத்தை ஹிமாயா உருக்கமாக எழுதியிருந்தாள். அதையும் விட்டேன். என் கஷ்டம் மேல்வயல்காரருக்குத் தெரியாததா? தெரிந்து என்ன செய்தார்கள்? ஆனால் பளீல் ஹாஜியார் சற்று முன் ஒன்றைப் புலம்பியிருந்தார். வாய்க்காலில் புல் அடைத்து, தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு அவர் வயலுக்குள் பாய்கிறதாம். துப்புரவுக்குக் கூப்பிட்டால் ஒருவரும் வருவதில்லையாம். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹாஜியார் சொன்னது சரி. ஒருத்தரும் வாறல்ல. ஏன் வரணும்? தன்ட வயலுக்குத் தண்ணி வந்திட்டா காரியம் முடிஞ்சிதானே. கடைசி வயல் நனைஞ்ச பொறகுதான் மேல திறக்கும் எண்டு வைங்க. தங்கட முறை கெதியா வரணும் எண்டு மேல்வயல்காரரே எறங்கி வெட்டுவாங்க, ரெண்டு நாளில வாய்க்கால்ல ஒரு புல்லு மிஞ்சாது."

யாரோ சிரித்தார்கள். அதற்குள் பாங்கு தொடங்கியது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். பாங்கு முடிந்ததும் கதிரைகள் இழுபட்டன.  நான் மைக்கை விடவில்லை.

"தொழப் போறத்துக்கு முதல் கைய உயர்த்துங்க. விருப்பமில்லாட்டி இல்லயெண்டு என்ட முகத்தப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க."

அறுபது பேர் இருந்த மண்டபத்தில் பதினொரு கைகள் உயர்ந்தன. எல்லாம் எங்கள் கடைசி வயல்காரர். பளீல் ஹாஜியார் கை உயர்த்தவில்லை. எழும்பி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானை றாஸிக்கின் பக்கம் திரும்பினார்.

"வாய்க்கால்ல புல்லு வெட்ட எத்தின பேர் வேணும், விதானை?"

மேல்வயல் முதல் என்று தண்ணீர்த் திகதிகள் எழுதி முடித்திருந்த தாளை றாஸிக் மறுபக்கம் திருப்பி, பேனையைத் திறந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.