பவுரிங்பேட்டையில் இறங்காத கல்யாணம்

முனிரத்தினத்தின் மேளக் கோஷ்டியில் மொத்தம் நான்கு பேர். நான்கு பேருமே தலைவர்கள். அதில் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

தலைவர்களில் மூத்தவர் முனிரத்தினம். மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுப்பது அவர் பிழைப்பு. ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொள்வார். பம்பை அடிக்கிறவன்தான் நடையைத் தீர்மானிக்க வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு பின்னால் வரவேண்டும் என்பது அவர் கட்சி. வாயால் ஊதுகிறவர்கள் எப்படி வாயை மூடிக்கொண்டு வருவார்கள் என்று அவர் யோசித்ததில்லை.

நாகசுரம் ஊதும் சம்பங்கி பேத்தமங்களாக்காரன். பேச்சில் தெலுங்கும் தமிழும் கலந்து வரும். கண்ணை மூடி ஊத ஆரம்பித்தால் கயிறறுந்த கன்றுக்குட்டி மாதிரி ஓடுவான். மரியகுழந்தையிடம் இருந்தது கார்னெட் என்னும் பித்தளைக் குழல். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார மேஸ்திரி விட்டுப்போனது. மாதா கோயில் பவனியில் ஊதிப் பழகியவன், ஆகவே கல்யாணப் பாட்டையும் பெரிய வெள்ளிக்கிழமைத் துக்கம் மாதிரிதான் ஊதுவான். நான்காவது ஆள் சகாயம், பெரிய ஜால்ரா. பாறையில் வெடி வைக்கும் வேலையில் அவன் காது முக்கால்வாசி போய்விட்டது. மற்றவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்பதை அவர்களுடைய கன்னத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பான்.

மாசியில் ஒரு சாவுக்கு வாசிக்கப் போனார்கள். சம்பங்கி முன்னால் ஓட, பாடை தூக்கியவர்களும் அவனோடு ஓடினார்கள். மரியகுழந்தை இழுத்து இழுத்து ஊத, சொந்தக்காரர்கள் அவனோடு நின்று நின்று அழுதார்கள். பிணம் சுடுகாட்டுக்குப் போய், அழுகிறவர்கள் வரட்டும் என்று காத்துக்கிடந்தது. அதற்குப் பிறகு சுரங்கத் தொழிலாளர்களின் அந்த லைன் வீடுகளில் யார் செத்தாலும் இவர்களைக் கூப்பிடவில்லை.

ஆனால் பாப்பம்மா கூப்பிட்டாள். வேறு வழியில்லை. முனிரத்தினம் அவளுக்கு அண்ணன் முறை. அவள் மகன் தாமோதரனுக்கும் பவுரிங்பேட்டை மாட்டுவண்டிக்கார எல்லப்பன் மகள் கிருஷ்ணம்மாவுக்கும் கல்யாணம். தாய்மாமன் மேளக்காரனாக இருக்கும்போது வெளியாளை வைத்தால் ஊர் சிரிக்கும். இவர்களை வைத்தாலும் சிரிக்கும். எப்படியும் சிரிக்கப் போகிறது என்று பாப்பம்மா துணிந்துவிட்டாள்.

“அண்ணா, ஒண்ணு சொல்லிக்கிறேன். என் புள்ள கல்யாணத்துல நீங்க நாலு பேரும் நாலு பக்கம் போனீங்கன்னா, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

“இன்னாம்மா இப்படி சொல்லிட்ட? எங்களுக்குள்ள அப்படி இன்னா கீது?” என்றார் முனிரத்தினம், மிகவும் புண்பட்டவராக.

முகூர்த்தம் உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால். இருந்தாலும் பாப்பம்மா எல்லோரையும் காலை முதல் ரயிலுக்கே கிளப்பிவிட்டாள். மாரிகுப்பத்துக்கு ரயில் வந்து அதிக காலம் ஆகவில்லை. இங்கே புறப்பட்டு பவுரிங்பேட்டை போகும், இன்ஜினைக் கழற்றி மறுபுறம் மாட்டி, வந்த வழியே திரும்பி வரும். நாள் முழுக்க அதற்கு அதுதான் வேலை.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு பெட்டி முழுக்க ஏறினார்கள். தாமோதரன் தலைப்பாகையும் மாலையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்தான். ரயில் நகர்வதற்கு முன்பே கோஷ்டியில் சண்டை ஆரம்பமாகிவிட்டது. பவுரிங்பேட்டையில் இறங்கும்போது எதை வாசிப்பது?

“மல்லாரி” என்றான் சம்பங்கி.

“ஊதுவ நீ. உன் பின்னால மாப்பிள்ள ஓடணும், மாப்பிள்ள பின்னால வேட்டி ஓடணும்” என்றான் மரியகுழந்தை. “மெதுவா, மரியாதையா ஒண்ணு ஊதுவோம்.”

“ஏமய்யா, பெண்ணு வீட்டுக்காரங்க யாரு செத்தாங்கன்னு கேப்பாங்க!”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான் அடிக்கிறத கேட்டு வாசிங்க” என்றார் முனிரத்தினம்.

இதில் எதுவும் சகாயத்தின் காதில் விழவில்லை. ஆனால் அவன் வெறுங்காலைப் பலகையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். ரயில் வேகம் பிடித்ததும் சக்கரத்தின் அடி உள்ளங்கால் வழியாக அவன் முழங்காலுக்கு ஏறியது. டக்-டகட, டக்-டகட. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு சகாயத்துக்குத் தாளம் தெளிவாகக் கேட்டது, அதுவும் யார் கன்னத்தையும் பார்க்காமல். அவன் முகம் மலர்ந்தது. ஜால்ராவை எடுத்து அதோடு சேர்த்துத் தட்டினான்.

“எவன்டா அது, நான் சொல்றதுக்கு முன்னாடி?” என்று திரும்பிய முனிரத்தினம், அவனைத் திருத்துவதற்காகவே பம்பையில் ஒரு அடி கொடுத்தார். திருத்த முடியவில்லை. அடி சரியாகப் போய் அதிலேயே உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று கொடுத்தார். அதுவும் உட்கார்ந்தது. ஊரிகம் ஸ்டேஷனைத் தாண்டும்போது இன்ஜின் நீளமாக ஊதியது. சம்பங்கி அந்த ஊதலில் சுருதி பிடித்துக் கிளம்பினான். வழக்கம்போல ஓடப் பார்த்தான், ஆனால் ரயிலைவிட வேகமாக யாரால் ஓட முடியும்? மரியகுழந்தை வழக்கம்போல இழுக்கப் பார்த்தான். ரயில் அவனையும் இழுத்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு நடந்ததை முனிரத்தினத்தால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. கை அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் அவரைக் கேட்டு அடிக்கவில்லை. சம்பங்கி ஒரு வளைவு வளைந்தால், அவன் வளைவதற்கு முன்பே பம்பை அங்கே போய் நின்றது. மரியகுழந்தை மூச்சு வாங்கும் இடத்தில் நாகசுரம் நுழைந்து இடத்தைப் பிடித்து வைத்தது, அவன் வந்ததும் நகர்ந்துகொண்டது. கேட்கிற சத்தத்தில் தன்னுடையது எது என்று ஒரு கட்டத்தில் முனிரத்தினத்துக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. வயிறு, முதுகுவலி, ஷிப்ட், தலைவர் பதவி எல்லாம் எங்கோ இறங்கிப் போய்விட்டன. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஊதுகிற இருவரும் எப்படிச் சிரித்தார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை.

பெட்டி முழுக்க அந்தக் காய்ச்சல் தொற்றியது. பெண்கள் கைதட்டினார்கள். சீர்த்தட்டைத் தூக்கி வந்தவர்கள் தட்டில் தாளம் போட்டார்கள். யாருடைய குழந்தையோ யாருடைய தோளிலோ ஆடியது. தாமோதரன் தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் கிடக்க, ஜன்னல் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான். நடுவில் எங்கேயோ ரயில் நின்றது. நின்றபின்தான் அவர்கள் இன்னும் நன்றாக வாசித்தார்கள். சற்று நேரம் கழித்து ‘டணார்’ என்று பெரிய இடி ஒன்று சரியாகத் தாளம் ஆரம்பிக்கும் சமத்தில் விழ, பெட்டியே “ஆகா!” என்றது. மறுபடி சக்கரம் உருண்டது.

ரயில் அடுத்து நின்றபோது சம்பங்கிக்கு உதடு வீங்கிவிட்டது. அவன் நிறுத்தினான், எல்லோரும் நிறுத்தினார்கள். தாமோதரன் வெளியே எட்டிப் பார்த்தான்.

“மாமா, பவுரிங்பேட்டையிலயும் ஒரு மில்லு மணல் மேடு கீது பாரு! நம்ம ஊர்ல இருக்கிற மாதிரியே.”

“அட, ஆமா” என்றார் முனிரத்தினம். “அந்த ஷாப்ட் சக்கரம்கூட நம்முது மாதிரியே கீது.”

பாப்பம்மா எழுந்து வந்து பார்த்தாள். மேட்டின் ஓரமாக அவள் வீட்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

ஆங்கிலோ-இந்தியரான சட்டைக்கார கார்டு ஹரோல்ட் கொடியைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். “என்னாய்யா, கல்யாணம் அதுக்குள்ளே முடிஞ்சுதா? பொண்ணு எங்கே?”

“பவுரிங்பேட்டை?” என்று கேட்டார் முனிரத்தினம்.

“அது வந்துச்சு, நின்னுச்சு, போச்சு. இன்ஜின் மாத்தி மாட்டினோமே, டணார்னு இடிச்சுதே, தெரியல?”

அந்த சமத்துக்கு “ஆகா!” சொன்னவர்களில் முனிரத்தினமும் ஒருவர்.

பவுரிங்பேட்டையில் நடந்தது பின்னால்தான் தெரிந்தது. எல்லப்பன் ஆரத்தித் தட்டோடும் இருபது முப்பது பேரோடும் பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறார். பெட்டிக்குள் மேளம் அதிர்கிறது, யாரும் இறங்கவில்லை. தங்கவயல்காரர்கள் வழக்கம் போலிருக்கிறது, பாட்டு முடிந்துதான் இறங்குவார்கள் என்று அவர் மரியாதையாகக் காத்திருந்தார். ரயில் கிளம்பியபோதும் வழக்கம் என்றே நினைத்துக் கும்பிட்டார். பெட்டி கண்ணைவிட்டு மறைந்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

“யாரு முதல்ல ஆரம்பிச்சது?” என்றாள் பாப்பம்மா. மூன்று விரல்கள் சகாயத்தைக் காட்டின. அவன் என்ன கேள்வி என்று தெரியாமல் பெருமையாகத் தலையாட்டினான்.

அவள் நாகசுரத்தின் சீவாளியைப் பிடுங்கினாள். கார்னெட்டின் ஊதும் முனையைத் திருகி எடுத்தாள். பம்பைக் குச்சியையும் ஜால்ராவையும் சேர்த்து மடியில் கட்டிக்கொண்டாள். தாமோதரனின் காதில் பஞ்சை அடைத்துக் கதவருகே நிறுத்தினாள். “பவுரிங்பேட்டை வந்தா கத்து. கத்தலன்னா நீ கல்யாணமே பண்ணிக்க வேணாம்.”

ரயில் மறுபடி கிளம்பியது. நான்கு பேரும் குற்றவாளிகளாகக் கைகட்டி உட்கார்ந்தார்கள். சக்கரம் டக்-டகட என்றது. முனிரத்தினம் தொடையைப் பார்த்தார். விரல் அதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. மற்றொரு கையால் அதைப் பிடித்தார். பிடித்த கையும் தட்டியது. பக்கத்தில் மரியகுழந்தை, முனையில்லாத குழலை நெஞ்சோடு அணைத்தபடி மூக்கால் முனகினான். சம்பங்கி கண்ணை மூடி, “தானனா” என்றான், ஓதுவது போல.

“வாணா” என்றாள் பாப்பம்மா.

எல்லோரும் அடங்கினார்கள். ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. டிக்-டிகிடி, டிக்-டிகிடி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பம்மாவின் விரல் அவள் வெற்றிலைப் பெட்டியின் மூடியில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு மடியை அவிழ்த்து எல்லாவற்றையும் பலகைமேல் கொட்டினாள்.

“எங்க விட்டீங்களோ அங்கேருந்து புடிங்க” என்றாள். “ஒரு தரம்தான்.”

எங்கே விட்டார்களோ அங்கிருந்தே பிடித்தார்கள். உதடு வீங்கிய சம்பங்கி, வீங்கிய உதட்டால் இன்னும் நயமாக ஊதினான்.

பவுரிங்பேட்டையில் தாமோதரன் தொண்டை கிழிவதாக நினைத்துக்கொண்டு கத்தியிருக்கிறான். காதில் பஞ்சு இருந்ததால் தான் எவ்வளவு மெதுவாகக் கத்துகிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவன் பிளாட்பாரத்தில் குதித்து, மாமனின் பம்பைக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். முனிரத்தினம் வாசித்தபடியே இறங்கினார். பம்பை போன பக்கம் நாகசுரம், நாகசுரம் போன பக்கம் கார்னெட், அதன் பின்னால் ஜால்ரா, பெட்டி முழுக்க ஜனம், எல்லோரும் ஒழுகி இறங்கினார்கள்.

எதிரே எல்லப்பன் நின்றார். இந்தத் தடவை ஆரத்தித் தட்டு இல்லை, மாட்டுச் சாட்டை இருந்தது. பக்கத்தில் அழுது வீங்கிய முகத்தோடு மணப்பெண் கிருஷ்ணம்மா. பின்னால் பூசாரி. நிழல் காலடிக்கு வந்துவிட்டது, முகூர்த்தத்துக்குள் வீட்டுக்குப் போக நேரமில்லை என்று பூசாரி கத்திக்கொண்டிருந்தார்.

“யோவ், இன்னா நெனச்சிக்கினு கீறீங்க?” என்று எல்லப்பன் சாட்டையை ஓங்கினார். ஓங்கிய சாட்டை சொடுக்கியது. சொடுக்கியது சரியாக சமத்தில் விழுந்தது. முனிரத்தினம் அதற்கு ஒரு பதில் அடித்தார். எல்லப்பன் திகைத்தார். கோபத்தில் இன்னொரு தடவை சொடுக்கினார். அதுவும் பொருந்தியது. மூன்றாவது சொடுக்கு கோபத்தில் வந்ததில்லை என்று அவருடைய ஆட்களே சொன்னார்கள்.

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில், எல்லப்பனின் சாட்டையும் சேர்ந்த மேளத்தில், தாமோதரன் தாலி கட்டினான். கெட்டிமேளம் வேண்டும் என்று பூசாரி கையைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. நிறுத்தச் சொல்லித்தான் நெடுநேரம் கையைத் தூக்கிக்கொண்டே நின்றார். ஹரோல்ட் பச்சைக் கொடியை அசைக்க மறந்து, அதை இடுப்பில் தட்டிக்கொண்டிருந்தார். அன்று ரயில் எவ்வளவு தாமதம் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

விருந்தில் எல்லப்பன் முனிரத்தினத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இலையில் தன் கையாலேயே வடை வைத்தார். கோபம் முழுக்கப் போகவில்லை. சாட்டைக் கயிறு இன்னும் தோளில்தான் கிடந்தது.

சாயங்கால ரயிலில் பெண்ணும் மாப்பிள்ளையும் எல்லோரோடும் மாரிகுப்பம் திரும்பினார்கள். வாத்தியங்களைக் கார்டு பெட்டியான பிரேக் வண்டியில் வைத்துப் பூட்டினால்தான் ஏற்றுவேன் என்று ஹரோல்ட் சொல்லிவிட்டார். நால்வரும் வெறுங்கையோடு, வீங்கிய உதடும் கொப்புளித்த விரலுமாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே கிருஷ்ணம்மா குனிந்த தலையோடு இருந்தாள். முனிரத்தினத்துக்கு வடை செரிக்கவில்லை. காலையிலிருந்து எல்லோருடைய கோபத்துக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. இந்தப் பெண் அழுததற்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.

“நீ தப்பா நெனைக்காத தாயே” என்றார். “உன்ன வேணாம்னு போயிட்டோம்னு நெனச்சிட்டியா?”

“ஆமா பெரியப்பா” என்றாள் அவள் மெதுவாக. “வீட்டுல உக்காந்துகினு இருந்தேன். மேளம் வர்றது கேட்டுச்சு. அப்புறம் போறதும் கேட்டுச்சு.” கொஞ்சம் தயங்கினாள். “போறப்பதான் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனாலதான் இன்னும் ஜாஸ்தியா அழுதேன்.”

முனிரத்தினம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார். வருத்தப்படத்தான் பார்த்தார். வாய் காது வரைக்கும் போய்விட்டது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மரியகுழந்தையின் விலாவில் ஒரு குத்து விட்டார்.

“டேய், கேட்டியா? போறப்பதான் நல்லா இருந்துச்சாம்.”

“இருக்காதா பின்ன?” என்றான் மரியகுழந்தை, கண்ணைத் திறக்காமல். “போறப்ப நான்தான இழுத்துப் புடிச்சேன்.”

“நீயா? சாலு சாலு, போதும்!” என்று எழுந்து நின்றான் சம்பங்கி. “உதடு யாருக்கு வீங்குச்சு, உனக்கா எனக்கா?”