ஒரு நாள் டயர்

ஜமாலின் பிக்கப் வண்டியை மேடான இடம் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். காலையில் சாவியைத் திருகினால் ஒருமுறை முனகும், அடுத்த முறை இருமும், மூன்றாம் முறை மௌன விரதம் இருந்துவிடும். பிறகு ஆள் பிடித்து, சரிவில் தள்ளி, ஓடும்போதே கியரைப் போட்டால் கறுப்புப் புகையோடு உயிர் வரும். அருள்புரத்தில் அவர் குடியிருக்கும் தெருவில் யாரும் அலாரம் வைப்பதில்லை.

வண்டி வாங்கி மூன்று வருடம் ஆகிறது. நிட்டிங் கம்பெனிகளில் துணி ரோல்களை ஏற்றி வீரபாண்டிச் சாயப்பட்டறைகளில் இறக்குவார். சில நாட்களில் காதர்பேட்டைக் கடைகளுக்குப் பனியன் பண்டல்களும் போகும். இந்த வண்டியை அவர் தலையில் கட்டிய புரோக்கர் ரத்தினசாமி, புதுப் பெயிண்டு மணக்க மணக்க வண்டியைக் காட்டி, "எஃப்.சி. கரண்டுல இருக்குதுங்க பாய், கண்ணை மூடிட்டு எடுங்க" என்றார். ஜமாலும் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்.

முதல் மாதமே கிளட்ச் பிளேட்டு போனது. அதைச் சரி செய்தால் ரேடியேட்டர் ஒழுகியது. ரேடியேட்டரை அடைத்தால் பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒடிந்தது. நடுவில் இன்சூரன்ஸ் வந்து நின்றது. பழைய வண்டி வாங்கும்போது மலிவு, வைத்துக்கொள்ளும்போதுதான் விலை என்பது அவருக்கு மெக்கானிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து புரிந்தது. ஆனாலும் வண்டியை ஒரு வார்த்தை திட்ட மாட்டார். வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். திட்டெல்லாம் ரத்தினசாமிக்கு.

இந்த வண்டிக்கு மறுபடியும் எஃப்.சி. நாள் வந்தது. பழைய சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று சான்று வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து லோடு கிடையாது என்று கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார். லோடு இல்லையென்றால் மனைவி அஜீஸுன்னிசா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க் கொண்டுவரும் வாரச் சம்பளம் ஒன்றுதான் வீட்டுக்கு.

ஜமால் வண்டியைத் தயார் செய்தார். டெஸ்ட்டில் மிதித்துப் பார்ப்பார்கள் என்பதால் பிரேக் ஷூ நான்கையும் புதிதாகப் போட்டார். அடுத்தது பெயிண்டு. பெயிண்டர் பின்கதவில் ரோஜாப்பூ போடட்டுமா என்று கேட்டதும் மனசு இளகிவிட்டது. டயருக்கு ஒதுக்கி வைத்த பணம் ரோஜாப்பூவாகவும் இரண்டு பக்கம் இலையாகவும் மாறியது.

டயர்கள் நான்கும் மொட்டை. போன மழையில் வீரபாண்டி அருகே பிரேக்கை மிதித்தபோது வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய், சாக்கடைக் கல்லில் முட்டித்தான் நின்றது. அதைக் கேட்டதிலிருந்து, மழை தூறினால் அஜீஸுன்னிசா கம்பெனியிலிருந்து இரண்டு தடவை போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பாள்.

மொட்டை டயரோடு எஃப்.சி.க்குப் போக முடியாது. அதற்கும் ஒரு வழி இருந்தது. பல்லடம் ரோட்டில் டயர் கடை வைத்திருந்த குமாரவேல், நல்ல டயர்களை டெஸ்ட்டுக்கு மட்டும் வாடகைக்கு விடுவார். நம் டயரை அவரிடம் கழற்றி வைத்துவிட்டு அவருடையதை மாட்டிப் போகலாம். டெஸ்ட் முடிந்த அன்று சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டால் மறுநாள் அது இன்னொரு வண்டியில் போய் பாஸாகும். அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு. ஜமாலும் முதல் நாளே போய் மாட்டிக்கொண்டு வந்தார்.

காலையில் வாசலுக்கு வந்த அஜீஸுன்னிசா டயரைப் பார்த்து நின்றுவிட்டாள். குனிந்து, ஆழமான அந்த வரிகளில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ். டயர் மாத்திட்டீங்களா? இனி நான் நிம்மதியா வேலை பார்ப்பனுங்க" என்றாள்.

ஜமால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கண்ணாடி துடைப்பதிலேயே போய்விட்டது.

டெஸ்ட் நல்லபடியாக முடிந்தது. வண்டியைச் சுற்றி வந்த அதிகாரி, டயர் புதுசு போலிருக்கே என்று பாராட்டவும் செய்தார். ஜமால் பணிவாகச் சிரித்தார். பாஸான கையோடு துணி ரோல் ஏற்றிக்கொண்டு வீரபாண்டிக்குக் கிளம்பினார். போகும் வழியில் தூறல் பிடித்தது. வெகுநாள் கழித்து நனைந்த ரோடு, எண்ணெய் பூசியது போல் மினுங்கியது.

மத்தியான ஷிப்ட் மாறும் நேரம். ஓரமாக நின்றிருந்த கம்பெனி பஸ்ஸின் முன்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் சட்டென்று ரோட்டில் இறங்கினாள். ஜமால் பிரேக்கில் ஏறியே நின்றார். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி, நேராக நின்றது. அந்தப் பெண்ணுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். டிபன் டப்பா உருண்டு சோறு சிதறியது.

ஜமால் இறங்கி ஓடினார். அடி ஏதும் இல்லை. ராமாயி என்று பெயர் சொன்னாள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தையல் மெஷினுக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்ப்பவள். கூட்டம் கூடிவிட்டது. திட்டப் போகிறார்கள் என்று ஜமால் தலையைக் குனிந்து நின்றார். யாரும் திட்டவில்லை. எழுந்து நின்ற ராமாயி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தப்பு எம்மேலதேன்ணே. பாக்காம எறங்கிட்டேன். எம்மவ ஜோதிகாவ இப்பத்தேன் காலேஜுல சேத்துருக்கேன், அவளுக்கு என்னய விட்டா யாரு இருக்கா? ஒங்க வண்டி டக்குனு நின்னுருச்சு. நல்ல வண்டி வச்சுருக்கீக. நல்லா இருப்பீக."

ஜமால் உருண்டு கிடந்த டப்பாவை எடுத்து அவளிடம் கொடுத்தார். இதே ரோட்டில், இதே மாதிரி தூறலில், தன் சொந்த டயரில் வந்திருந்தால் இந்தப் பெண் இப்போது பேசிக்கொண்டிருக்க மாட்டாள். அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

நின்ற வேகத்தில் என்ஜின் அணைந்திருந்தது. சாவிக்கு வழக்கம்போல முனகல்தான். கூடியிருந்தவர்களே தள்ள வந்தார்கள். பக்கக் கண்ணாடியில் பார்த்தார். ராமாயியும் ஒரு கையால் காலி டப்பாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையை ரோஜாப்பூ மேல் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் லோடு இறக்கும்போது ஜமால் டயர் பக்கத்தில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சான்று இருக்கிறதென்று நம்ப வைத்து ஓட்டை வண்டியைத் தன் தலையில் கட்டினானே என்று மூன்று வருடமாக ரத்தினசாமியைத் திட்டியவர் அவர். இன்றைக்கு அவரே அதே மாதிரி வெளிப்பூச்சைக் காட்டி, அதிகாரியை நம்ப வைத்துச் சான்று வாங்கியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, படைத்தவனுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. டயரைக் கழற்ற வேண்டிய சாயங்காலத்துக்கு முன்னால் இது நடந்ததே!

சாயங்காலம் குமாரவேல் ஜாக்கியோடு காத்திருந்தார். பக்கத்தில் குணா என்ற இன்னொரு பிக்கப்காரர். அதே டயர்களை மறுநாள் டெஸ்ட்டுக்குச் சொல்லி வைத்திருந்தவர்.

இந்த டயர்களே எனக்கு வேண்டும், விலை போட்டுக் கொள்ளுங்கள், தவணையில் கட்டிவிடுகிறேன் என்றார் ஜமால். குமாரவேல் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். குணாவுக்கு முகம் மாறியது. நடந்ததை ஜமால் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"டெஸ்ட்டு வருசத்துக்கு ஒரு நாளுங்க குணா. ஆளுக ரோட்டுல தெனமும் நடக்கறாங்க. அந்தம்மா கும்பிட்டது இந்த டயரைத்தானுங்க. இதைக் கழட்டி வெச்சுப்போட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோட அந்த ரோட்டுல போறது?"

குணா தன் வண்டிக்குப் போய் முன் டயரைக் கையால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. திரும்பி வந்து, புது டயர் என்ன விலை என்று மெதுவாகக் கேட்டார். குமாரவேல் ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் பொட்டுகளை அழிக்கத் தின்னர் எடுக்கப் போனார். ஒரு பொட்டாவது இருக்கட்டும் என்று ஜமால் தடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் காலையில் சொல்லாததை மனைவியிடம் சொன்னார். அஜீஸுன்னிசா வாசலுக்குப் போய் டயரில் இருந்த மஞ்சள் பொட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, அந்தப் பெண் எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சோறு ஆக்கி எடுத்துட்டுப் போய் அவங்களுக்குக் குடுத்துட்டு, நன்றி சொல்லிட்டு வரலாமுங்க" என்றாள். "உசுரோட நின்னு நம்மளைக் காப்பாத்துனது அவங்கதானுங்க. நல்ல டயருக்குக் குடுக்கற காசை இனிமே வண்டிச் செலவுன்னு சொல்லாதீங்க. வண்டி வெச்சிருக்கறவங்க ரோட்டுல நடக்கறவங்களுக்குக் குடுக்கற மரியாதைங்க அது."