பதினாறு பெட்டி, அறுபது அடி

என் மகள் கரோலினின் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க நான் இஞ்ச் டேப்போடு போனேன். மற்ற அப்பன்மார் ஏசி இருக்கிறதா, கார் எத்தனை நிற்கும், மணமகள் அறையில் கண்ணாடி பெரிசா என்றெல்லாம் விசாரிப்பார்களாம். எனக்கு அதெல்லாம் எதற்கு? நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ப் பந்தி மேஜை வரிசையை அளந்தேன். சூலூரில் பார்த்த மண்டபம் நாற்பது அடி. அன்னூரில் ஐம்பது, அதிலும் நடுவில் ஒரு தூண். கருமத்தம்பட்டியில்தான் அறுபது அடி கிடைத்தது, தூணும் இல்லை, திருப்பமும் இல்லை. அங்கேயே நின்று தேதியைச் சொல்லி உறுதி செய்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் ஒரு குடும்பக் காரியத்தில் அக்கறை காட்டுகிறேன் என்று என் மனைவி ஜெபராணி அன்றைக்கு ஆயருக்குப் போன் போட்டுச் சந்தோஷப்பட்டாள். பாவம்.

விஷயம் இதுதான். என்னிடம் ஒரு ஜப்பான் புல்லட் ரயில் இருக்கிறது. நிஜ ரயிலில் நூற்றி அறுபதில் ஒரு பங்கு, பதினாறு பெட்டி, கோத்து நிறுத்தினால் எட்டடிக்கு மேல் வரும். ஒசாகாவில் வேலை பார்க்கும் எங்கள் சர்ச் பையன்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் சூட்கேஸில் சட்டைக்கு நடுவே வைத்து, நாலு, நாலு, எட்டு என்று மூன்று தடவையாகக் கொண்டுவந்து கொடுத்தது. பிரெஞ்சு ரயில் ஒன்று, ஜெர்மன் ரயில் ஒன்று, அவை தனி. இதைப் 'பொம்மை' என்று சொன்னவர்களின் பட்டியல் என் மனதில் வரிசையாக இருக்கிறது. முதல் இடம் ஜெபராணிக்கு, அதை யாரும் அசைக்க முடியாது.

மில்லில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். வீடு சூலூரில். மாடி அறையில் மூன்றுக்கு மூன்றடி மேஜையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டிருக்கிறேன். அதில் பதினாறு பெட்டியை ஏற்றினால் ரயிலின் மூக்கு அதன் வாலையே முகர்ந்துகொண்டு போகும். கொஞ்சம் வேகம் கூட்டினால் வளைவில் குப்புற விழும். போதாததற்குப் பக்கத்து வீட்டுப் பங்காரம்மாவின் விசைத்தறியிலிருந்து பறந்து வரும் பஞ்சு, சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊசியும் இடுக்கியுமாக உட்கார்ந்து ஒவ்வொரு அச்சாகப் பஞ்சு எடுப்பேன். முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் போகப் பிறந்த ரயில், பன்னிரண்டு வருஷமாக என் வீட்டில் மாட்டுவண்டி வேகத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வளைவே இல்லாத ஒரு பாதையில், ஒரே ஒரு தடவை, அது முழு வேகத்தில் போவதை நான் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அறுபது அடிக்கு முப்பது நொடி. கடவுளிடம் நான் கேட்டது அந்த முப்பது நொடிதான்.

கடவுள் அதற்குப் பதிலாக ஒரு சம்பந்தியைக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா ஜோஸ், போத்தனூர்க்காரர், முப்பத்தி நாலு வருஷம் நிஜ ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அதிர்ந்து பேசமாட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவரை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய் ரயிலைக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார். நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் ஓட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். நூற்றிப்பத்து, அதுவும் எப்பவாவது என்றார். விடுவேனா நான்? ஜப்பானில் ஒரு நிமிஷம் தாமதமானால் மன்னிப்புக் கேட்கிறார்களாமே, நம் ஊர் ரயில் மட்டும் ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வந்து அரை மணி நேரம் நிற்கிறதே, அது எதற்கு என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"சிக்னல் போடலீங்கன்னா நாம என்னங்க பண்றது?" என்றார்.

அடடா, அந்த ஒரு வசனத்தை வைத்து ஆறு மாசம் ஓட்டினேன். காபி தாமதமானால், சிக்னல் போடலீங்களா? மெக்கானிக் வரவில்லையென்றால், சிக்னல் போடலீங்களா? அதே இழுவை, அதே கை பின்னால். கரோலின் முதலில் சிரித்தாள், பிறகு முறைத்தாள், பிறகு அவர் எதிரில் வாய் தவறிச் சொல்லிப்போடாதீங்க என்று கெஞ்சினாள். இதெல்லாம் எப்போதோ அவர் காதுக்குப் போயிருக்கும் என்று ஜெபராணி சொன்னாள். போகட்டுமே என்றேன்.

சமையல் பஷீர் பாய். கோட்டைமேட்டுக்காரர், பிரியாணியில் ராஜா. மேஜை வரிசை ஒன்று எனக்கு வேண்டும் என்று அவரிடம்தான் முதலில் சொன்னேன். ரயில் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிரெட் அல்வாவை அதன் மேல் வைத்து அனுப்பிவிடலாமா என்று ஆசையாகக் கேட்டார். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கென்றே வழுக்கலாகச் செய்த கூரை அது, ஈ உட்கார்ந்தாலும் நிற்காது என்று விளக்கினேன். ஒன்றுமே ஏற்றாத ரயிலைப் பந்தியில் எதற்கு விடவேண்டும் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அந்தக் குழப்பத்தில் ஜெபராணியிடமே போய்க் கேட்டுவிட்டார். வீட்டில் அன்றைக்கு இடி இறங்கியது.

அழுகை, ஜெபம், மௌனம் எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"மொத எலை விழறதுக்குள்ள ஓட்டி முடிச்சுச் சுருட்டிப்போடோணும். ஒரு நிமிஷம் தாண்டுச்சுன்னாலும் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயந்தரம் போய் அறுபது அடிக்கும் தண்டவாளம் கோத்தேன். இவ்வளவு நீளத்துக்குக் கரண்ட் கடைசிவரை போய்ச் சேராது என்பதால் பத்தடிக்கு ஒரு இடத்தில் தனித்தனி ஒயரைத் தண்டவாளத்தோடு ஈயத்தால் பற்ற வைத்தேன். மேஜை முடியும் இடத்தில் நேரே தரைதான். ரயில் நிற்காமல் போனால் தாங்கட்டும் என்று அங்கே ஒரு தலையணையை வைத்தேன். யாரோ பெரியப்பாவுக்கு முதுகு வலி என்று ஜெபராணி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சர்ச்சில் ஆயர் பிரசங்கத்தை ஆதாமிலிருந்து ஆரம்பித்தார். பன்னிரண்டு மணிக்கு ஆபிரகாமிடம்தான் வந்திருந்தார். நான் கோட்டும் டையும் போட்டு வேர்த்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளைப் பிரியும் துக்கம் என்று நினைத்துப் பக்கத்தில் ஒருவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஆபிரகாமிலிருந்து ஆமென் வரைக்கும் வந்து நாங்கள் மண்டபத்தில் இறங்கியபோது மணி ஒன்று. எங்கள் மேல் ரொம்பப் பாசம் வைத்திருக்கும் சொந்தங்கள் சர்ச் பக்கமே போகாமல் நேராகப் பந்திக்கு வந்து உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். என் வரிசையில் முப்பது இலை. முப்பது பேரும் ஒரே நேரத்தில் கையில் தண்ணீர் எடுத்து இலையில் தெளித்து, அதை வழித்து மேஜைக்கு அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள். அந்தப் பக்கம் என்னவென்றால் என் தண்டவாளம்.

டையைக் கழற்றி, அறுபது அடியையும் குனிந்து குனிந்து துடைத்துக்கொண்டே போனேன். பெண்ணின் அப்பாவே வந்து மேஜை துடைக்கிறாரே, என்ன பணிவு என்று பேசிக்கொண்டார்கள். முதல் இலையில் பங்காரம்மா. என் ரயிலின் மூக்கைத் தொடாத குறையாக எட்டிப் பார்த்து, இது எப்போது கிளம்பும், இதில் என்ன வரும் என்று விசாரித்தார். ஒன்றும் வராது என்றேன். ஒன்றும் வராத ரயிலை எதற்கு விடுகிறீர்கள் என்றார். ஊரே பஷீர் பாயாக இருந்தால் நான் என்ன செய்வேன்?

எல்லாம் காய்ந்தது. ரயிலின் முகப்பு விளக்கு எரிந்தது. முதல் இலை விழுந்தாகிவிட்டது, ஜெபராணி இனிமேல் மனுசியாக இருக்கப்போவதில்லை, அதனால் ஓட்டியே விடுவது என்று வேகத்தைக் கூட்டும் குமிழில் கை வைத்தேன். போன் அடித்தது. கரோலின்.

"அப்பா, மேல வாங்க. நீங்க வராம போட்டோ எடுக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

பெண் வீட்டார் மட்டும் நிற்கும் படமாம். ரயிலைப் பார்த்தேன், மாடிப்படியைப் பார்த்தேன். குழந்தை அவ்வளவு சொன்ன பிறகு எப்படிப் போகாமல் இருப்பது? பக்கத்தில் சம்பந்தி ஜோஸ் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். யாரும் கை வைக்காமல் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

மேடையில் படம் எடுப்பவன் என் மோவாயைத் தூக்கினான், இறக்கினான், சிரிக்கச் சொன்னான். அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஓவென்று ஒரு கூச்சல், தொடர்ந்து முப்பது பேரும் எச்சில் கையைப் பார்க்காமல் கைதட்டும் ஓசை. அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், நான் மட்டும் மாடிப்படியைப் பார்க்கிறேன்.

இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன். ரயில் மறுமுனையில் நின்றிருந்தது. மேஜை விளிம்புக்கு ஒரு சாண் மீதி. பதினாறு பெட்டியும் கோடு போட்டாற்போல நேராக நின்றன. சம்பந்தி தன் பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தொம்பது செகண்டுங்க, சம்பந்தி," என்றார். "மொத எலையில இருக்கற அந்தம்மா திருகப் போனாங்க, நான் தடுத்தனுங்க. தடுத்த கை அப்பிடியே திருகிப்போடுச்சுங்க."

பேசினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவர் கண் கலங்கியிருந்தது.

"முப்பத்தி நாலு வருஷத்துல எனக்கு இப்பிடி ஒரு லைன் கெடைக்கலீங்க. முன்னால ஒண்ணுமே இல்லீங்க."

அவர் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. என்னுடைய முப்பது நொடி, பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த முப்பது நொடி, அதில் இருபத்தொன்பதை இந்த மனிதர் எடுத்துக்கொண்டார். ஆனால் என் மகள் இன்றைக்குச் சாயந்தரம் இரண்டு சூட்கேஸோடு இவர் வீட்டுக்குப் போகிறாள். அதனால் பல்லைக் காட்டினேன். மிகவும் சந்தோஷம் என்றேன். அவரோ, திரும்ப நீங்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று குமிழை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

சரி, இன்னும் ஒரு தடவை இருக்கிறது. திசையை மாற்றினேன். முழுசாகத் திருகினால் போதும், அவ்வளவுதான் வேலை. ரயில் என்னை நோக்கி வரும், கண் நிறையப் பார்க்கலாம். அவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லையாம். எனக்கு முன்னால் எல்லாமே இருந்தது. ஒரு டம்ளர் தண்டவாளத்தை ஒட்டி நின்றது. ஒரு இலையின் நுனி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தையின் கை. நான் துடைக்க விட்ட ஈரம் ஒரு திட்டு. இருபதாவது அடியில் அவசரத்தில் பற்ற வைத்த ஒயர். குமிழ் கால் பங்கு திரும்பியது. அதற்கு மேல் என் கை போகவில்லை.

ரயில் வந்தது. மாடி அறையில் பன்னிரண்டு வருஷமாக எப்படி வருமோ அப்படியே வந்தது. இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று சம்பந்தி என் காதோரம் மெதுவாகச் சொன்னார். கொடுக்கத்தான் நினைத்தேன். டம்ளரைத் தாண்டட்டும் என்று பார்த்தேன், அப்புறம் இலையைத் தாண்டட்டும், குழந்தையைத் தாண்டட்டும் என்று பார்த்தேன். அதற்குள் பாதித் தூரம் வந்துவிட்டது, வேகத்தைக் குறைக்கவும் ஆரம்பித்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. பிரியாணியைப் பிசைந்துகொண்டே வரிசை முழுக்க ரயிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பங்காரம்மாதான் கேட்டார். "ஏனுங்க, போறப்ப அப்பிடிப் பறந்துச்சு. வர்றப்ப ஏனுங்க இப்பிடி ஊர்ந்துட்டு வருது?"

என் காது சுட்டது. சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினேன். துளி கூட இல்லை.

"சிக்னல் போடலீங்கம்மா," என்றார் ஜோஸ். "அவரு என்னங்க பண்ணுவாரு?"